நீர்த்தாரை சொல்லும் செய்தி

நுழையும்முன்

படகின் வெளிப்பொருத்து இயந்திரத்தைக் கடல்நீரே குளிர்விக்கிறது. அந்நீரின் ஓட்டம் தடைப்பட்டால் இயந்திரம் சில நிமிடங்களில் பழுதடையும். படகும் அதில் உள்ளோரும் கடலின் போக்கிற்கு ஆளாவர். குமரிக் கடற்கரையைக் களமாகக் கொண்டு, பழுதின் காரணத்தை முறைப்படி கண்டறியும் அறிவை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

விடியலுக்கு முன்பே குளச்சல், முட்டம், தூத்தூர் முதலிய ஊர்களில் படகுகள் கடலில் இறக்கப்படுகின்றன. இயந்திரத்தை முடுக்கியவுடன் மீனவர் ஒருகணம் பின்னே திரும்பிப் பார்க்கிறார். இயந்திரத்தின் பக்கவாட்டில் உள்ள சிறு துளையிலிருந்து விரல் பருமன்கூட இல்லாத நீர்த்தாரை ஒன்று பீறிட்டு விழுகிறது. அதனைக் கண்ட பின்னரே அவர் வேகத்தைக் கூட்டுகிறார். அம்மெல்லிய நீர்த்தாரையில் அவர் எதனைப் படித்தார்?

கட்டுமரத்திலிருந்து இயந்திரப் படகுக்கு

குமரி மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமுடையது. இங்குக் கட்டுமரமும் வள்ளமும் நெடுங்காலம் பாயாலும் துடுப்பாலும் செலுத்தப்பட்டன. 1980களில் வெளிப்பொருத்து இயந்திரங்கள் இக்கடற்கரையில் பரவின. அதே காலத்தில் பெல்ஜியம் நாட்டுப் பொறியாளர் பியர் கில்லே, முட்டத்தில் மீனவருடன் இணைந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். அலை மிகுந்த கரையிலும் இறக்கி ஏற்றத்தக்க இலகுவான படகும், தூக்கி மாட்டத்தக்க இயந்திரமும் சேர்ந்து மீனவரின் எல்லையை விரித்தன. பாயை நம்பியவர் காற்றின் குறிப்பறிந்தார்; இயந்திரத்தை நம்புபவர் அதன் குறிப்பையும் அறிதல் வேண்டும்.

கடல்நீரே குளிரூட்டி

இயந்திரத்தின் உருளைக்குள் எரிபொருள் எரியும்போது வளிமத்தின் வெப்பநிலை 2000 பாகை செல்சியசையும் கடக்கும். உந்துதண்டு செய்யப்பட்ட அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். வெப்பம் உடனுக்குடன் அகற்றப்படாவிட்டால், உந்துதண்டு விரிந்து உருளைச்சுவரை இறுகப் பற்றிக்கொள்ளும். பிறகு இயந்திரம் சுழலாது.

இதனைத் தடுக்கும் அமைப்பு எளிமையானது. நீருள் மூழ்கியிருக்கும் கீழ்ப்பகுதியில் சல்லடை போன்ற உறிஞ்சுதுளைகள் உள்ளன. அவற்றின் வழியே நுழையும் நீரை, சுழல்தண்டில் பொருத்தப்பட்ட இரப்பர்ச் சுழலி மேலே தள்ளுகிறது. இதனை இயந்திரப் பணியாளர் ‘இம்பெல்லர்’ என்பர். நீர் ஒரு குழாய் வழியே ஏறி, உருளையைச் சுற்றியுள்ள வழிகளில் பாய்ந்து வெப்பத்தைப் பெற்றுக்கொண்டு, பெரும்பகுதி புகையுடன் கீழே வெளியேறுகிறது. சிறுபகுதி மட்டும் பக்கத்துளை வழியே வெளிவருகிறது. நாம் கண்ட நீர்த்தாரை அதுவே. நீரேற்றி இயங்குகிறது என்பதற்கு அது கண்கூடான சான்று.

கடலில் செய்யத்தக்கவை

நீர்த்தாரை மெலிந்தாலோ நின்றாலோ, அதில் ஆவி கலந்து வந்தாலோ உடனடியாக வேகத்தைக் குறைத்து இயந்திரத்தை நிறுத்துதல் வேண்டும். பாறைகளுக்கோ கரையலைக்கோ அருகில் இருப்பின், நங்கூரமும் துடுப்பும் ஆயத்தமாக இருத்தல் இன்றியமையாதது. சூடேறிய இயந்திரத்தின் மீது தண்ணீர் ஊற்றுதல் கூடாது. திடீர்க் குளிர்ச்சியால் உலோகம் வெடிக்கக்கூடும். தானே ஆறும்வரை காத்திருத்தலே நலம்.

அதன்பின், எளிதில் காணத்தக்கதை முதலில் ஆராய்தல் வேண்டும். இயந்திரத்தைச் சாய்த்து உயர்த்தி, உறிஞ்சுதுளைகளை நோக்குக. நெகிழிப்பை, கடற்பாசி, அறுந்த வலைத்துண்டு ஆகியவை அங்கு ஒட்டியிருப்பின் அகற்றுக. அடுத்து, நீர் வெளிவரும் சிறுதுளைக்குள் தங்கூசி நரம்பைச் செலுத்துக. உப்பும் மணலும் அத்துளையை மட்டும் அடைத்திருக்கக்கூடும். அவ்வாறாயின், உள்ளே நீர் ஓடியிருப்பினும் வெளியே தாரை தோன்றாது. அடைப்பு நீங்கியதும் இயந்திரத்தை மெதுவோட்டத்தில் முடுக்கிப் பார்க்க வேண்டும். தாரை மீண்டு, வெதுவெதுப்பாக வந்தால் கவலையில்லை. மீளாவிடில், இயந்திரத்தை மேலும் இயக்குவது இழப்பைப் பெருக்கும். துணைப்படகை அழைப்பதே அறிவுடைமை.

கரையில் ஆராய்தல்

பழுது எந்நிலையில் தோன்றுகிறது என்பதே காரணத்தைச் சுட்டும் குறிப்பாகலாம். மெதுவோட்டத்தில் சூடேறி, விரைவோட்டத்தில் சீராகுமாயின், தேய்ந்த சுழலியை முதலில் ஐயுறலாம். வேகம் குறைந்தபோது அதனால் போதிய நீரை ஏற்ற இயலவில்லை. விரைவோட்டத்தில் மட்டும் சூடேறுமாயின், உறிஞ்சுதுளை ஓரளவு அடைபட்டிருக்கலாம். அல்லது இயந்திரம் உயரமாகப் பொருத்தப்பட்டு, நீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கலாம்.

கீழ்ப்பகுதியைக் கழற்றிச் சுழலியைக் காணும்போது, அதன் இறகுகள் வளைந்து விறைத்தோ, வெடித்தோ, முறிந்தோ இருப்பின் மாற்றுதல் வேண்டும். முறிந்த துண்டுகளைத் தேடி எடுப்பதும் கட்டாயம். அவை நீருடன் ஏறிக் குறுகிய வழிகளில் சிக்கிக்கொள்ளும். சுழலியைத் தண்டுடன் பிணைக்கும் சிறு சாவியையும் நோக்க வேண்டும். அது அறுந்திருந்தால், தண்டு சுழலும், சுழலி சுழலாது.

சுழலி நன்றாக இருப்பின், வெப்பநிலைச் சீராக்கியை ஆராயலாம். அதனைக் கழற்றி நீரிலிட்டுச் சூடேற்றினால், உரிய வெப்பநிலையில் அது திறக்க வேண்டும். உப்பு படிந்து மூடியபடியே நின்றுவிட்டால், நீர் உரிய வழியே பாயாது.

மணலும் உப்பும்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மணல் உலகறிந்தது. இல்மனைட்டு, கார்னெட்டு, சிர்க்கான், மோனசைட்டு ஆகிய கனிமங்கள் அதில் செறிந்துள்ளன. தொழிலுக்குச் செல்வமாகும் இக்கடினமான துகள்கள், இரப்பர்ச் சுழலிக்குப் பகையாகின்றன. கரையலை கலக்கிய ஆழமற்ற நீரில் இயந்திரத்தை இயக்கும்போது மணலும் உள்ளே புகுந்து, இறகையும் அதன் உறையையும் அராவுகிறது.

உப்பின் தீங்கு வேறு வகையானது. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. நாளும் சிறிதாகப் படியும் உப்பு, நீர்வழியைக் குறுக்கிவிடும். ஆகவே, கரை சேர்ந்ததும் நன்னீரை உட்செலுத்திக் கழுவுதல் வேண்டும். நீரின்றி இயந்திரத்தை ஒருபோதும் முடுக்கலாகாது. சுழலியின் இறகுகளுக்கு நீரே மசகாவதால், வறண்ட நிலையில் அவை விரைவில் கருகிவிடும்.

நிறைவாக

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைச் சூறையாடியது. கடலுக்குச் சென்ற பலர் கரை திரும்பவில்லை. அத்தகைய சீற்றத்தை எந்த இயந்திரமும் வெல்லும் எனல் பொருந்தாது. எனினும், இயந்திரம் நின்ற படகு அலையை எதிர்நோக்கித் திரும்ப இயலாமல் பக்கவாட்டில் அடிபடும் என்பதைக் கடலோடிகள் அறிவர். கையளவே உள்ள ஓர் இரப்பர்ச் சுழலியைக் காலத்தில் மாற்றுவது, உயிர்காக்கும் செயலாகவும் அமைகிறது.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்து, தீர்க்கும் வழியைத் தேர்ந்து செயற்படுமாறு மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் அறிவுறுத்துகிறார். அம்முறை மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. எளியதிலிருந்து அரியதற்கும், புறத்திலிருந்து அகத்திற்கும் படிப்படியாகச் செல்லும் மீனவரின் ஆராய்ச்சியும் அம்முறையைச் சார்ந்ததே.

தெரியுமா?

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், 1909 இல் வெளிப்பொருத்து இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்து புகழ்பெற்றார். 1952 இல் கையெழுத்தான இந்திய-நார்வே ஒப்பந்தத்தின் வழியே, கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் மீன்பிடிப் படகுகளை இயந்திரமயமாக்கும் பணி தொடங்கியது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் உள்ள படகு, உழவுப்பொறி, நீரேற்றி ஆகியவற்றுள் ஒன்றைப் பழுதுபார்க்கும் பணியாளரிடம் நேர்காணல் நிகழ்த்தி, அவர் பழுதைக் கண்டறியும் வரிசைமுறையை எழுதுக.
2. இம்பெல்லர், தெர்மோஸ்டாட், பம்பு ஆகியவற்றுக்கு இப்பாடத்தில் வழங்கும் தமிழ்ச் சொற்களைத் தொகுத்து, அவை பொருளை விளக்கும் திறம் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

குறுவினா

1. சூடேறிய இயந்திரத்தின் மீது தண்ணீர் ஊற்றலாகாது, ஏன்?
2. மணவாளக்குறிச்சி மணலில் உள்ள கனிமங்கள் யாவை?

சிறுவினா

1. நீர்த்தாரை நின்றபோதும் இயந்திரம் சூடேறவில்லை. இதற்குரிய காரணத்தை விளக்குக.
2. மெதுவோட்டத்திலும் விரைவோட்டத்திலும் தோன்றும் வெப்ப மிகுதியை ஒப்பிட்டு, அவற்றின் காரணங்களை எழுதுக.

நெடுவினா

‘பழுதறிதல் என்பது வரிசைமுறை கொண்ட சிந்தனை.’ இக்கருத்தைப் பாடப்பகுதியின் வழி நிறுவுக.