மக்னீசியம் சைக்கிள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மக்னீசியத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.74 கிராம், அலுமினியத்துக்கு 2.7, இரும்புக்கு 7.9. இந்த எடைக் குறைவை நம்பித்தான் 1980களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கிர்க் நிறுவனம் சைக்கிளின் முழுச் சட்டத்தையும் மக்னீசியத்தில் வார்த்தது. 2002இல் இத்தாலியின் பினரெல்லோ தன் டோக்மா பந்தய சைக்கிளை மக்னீசியக் குழாய்களில் கட்டியது. இன்று இந்த உலோகம் அதிகம் புழங்குவது மலைப்பாதை சைக்கிள்களின் சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் கீழ்க்கால்களில்தான். சில பெடல்களிலும், ஒரே வார்ப்பாக வரும் குழந்தைகள் சைக்கிள்களிலும் உண்டு. எடை குறைந்த இந்த உலோகத்துக்கு உப்புத்தண்ணீர் ஆகாது.

செய்ய வேண்டியவை

- கடலோரச் சாலையில் ஓட்டி வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். வியர்வையும் உப்புதான், அதையும் விட்டுவைக்காதீர்கள்.
- பெயின்ட் பெயர்ந்த இடத்தை உடனே பூசி மூடுங்கள். பெயின்ட் கொப்பளித்தாலோ வெள்ளைத் தூள் பூத்தாலோ உள்ளே அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள்.
- இரும்பு போல்ட் மக்னீசியத்தைத் தொடும் இடத்தில் கிரீஸ் தடவுங்கள். ஈரம் பட்டால் இரண்டுக்கும் இடையே மின்வேதி வினை நடக்கும். அதில் கரைவது மக்னீசியமே.
- டார்க் ரெஞ்ச் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். மரை மென்மையானது. டிஸ்க் பிரேக் காலிப்பரின் போல்ட்டுகள் பல ஃபோர்க்குகளில் நேராக மக்னீசியத்தில்தான் ஏறுகின்றன.
- ஃபோர்க் சர்வீஸை உரிய காலத்தில் தவறாமல் செய்யுங்கள். உள்ளே தண்ணீர் தேங்கினால் அரிப்பு வெளியே தெரியாது.

செய்யக்கூடாதவை

- புளி, எலுமிச்சை, வினிகர், துரு நீக்கும் அமிலம் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளையைப் பளபளக்க வைக்கும் புளி மக்னீசியத்தை அரித்துவிடும்.
- வீட்டிலோ பட்டறையிலோ ராவவோ கிரைண்டர் போடவோ கூடாது. முழுச் சட்டம் எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் தூளும் சீவலும் பற்றிக்கொள்ளும்.
- அப்படிப் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஹைட்ரஜன் வெளிப்பட்டுத் தீ இன்னும் மூளும். காய்ந்த மணலைக் கொட்டி மூடுங்கள்.
- விரிசல் விட்ட சட்டத்தைத் தெருமுனை வெல்டிங் கடையில் ஒட்ட வைக்காதீர்கள். விரிசல் கண்ட அன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள்.
- மக்னீசியம் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எடை அலுமினியத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்றால், விறைப்பும் ஏறக்குறைய அதே பங்குதான். அதை ஈடுகட்டக் குழாயைப் பருமனாக்குவார்கள். மிச்சமான எடையில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். கடையில் தூக்கிப் பாருங்கள். தராசு இருந்தால் நிறுத்தே பாருங்கள்.

ஃபோர்க்குக்கும் பெடலுக்கும் மக்னீசியம் நல்ல தேர்வு. முழுச் சட்டமாக வாங்குவது கழுவித் துடைத்துப் பேணும் பழக்கம் உள்ளவருக்கே சரி. மழையிலும் வெயிலிலும் வாசலில் நிறுத்துபவர் அலுமினியமே வாங்கலாம்.