நான்கு தந்தி, இரண்டு கை
(எந்திரவியல், மூன்றாம் ஆண்டு மாணவர்)



"பேஸ் கிட்டாரா? அதுல என்னப்பா இருக்கு, டும் டும்னு நாலு தந்தி!" ஹாஸ்டலில் இதை நான் கேட்காத நாளில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு மாலை மேடையில் மானம் போகும் வரை.

இரண்டாம் ஆண்டில் ஒரு கலைவிழா. என் அறைத் தோழன் பாட வேண்டும். கீபோர்டு வாசிப்பவனுக்கு மறுநாள் அரியர் தேர்வு, வரவில்லை. "நான் இருக்கேன்டா, பேஸ்லயே கார்ட் பிடிச்சுடறேன்" என்று வீரம் பேசினேன். கீழே மூன்று சுரங்களையும் சேர்த்து அமுக்கினேன். வந்தது இசையல்ல, லாரி உறுமும் சத்தம். பாவம், அவன் சுருதி பிடிக்க வழியில்லாமல் பல்லவியிலேயே தடுமாறினான். கூட்டம் ஊளையிட்டது. அதன்பின் அவன் குளியலறையில்கூடப் பாடவில்லை. தப்பு என்னுடையது, கேலி வாங்கியது அவன். அந்தக் கடனைத் தீர்க்க ஓராண்டு கற்றதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன்.

1. ஏன் உறுமியது?

பேஸின் நான்கு தந்திகள் தடிமனிலிருந்து ஈ, ஏ, டி, ஜி. அதிர்வெண் முறையே 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். அன்று நான் பிடித்த சி மேஜர் கார்டில் சி 65.4, ஈ 82.4, ஜி 98. ஒன்றுக்கொன்று இடைவெளி சுமார் 16, 17 ஹெர்ட்ஸ்தான். இவ்வளவு தாழ்ந்த இடத்தில் நெருங்கி நிற்கும் சுரங்களைக் காது தனித்தனியாகப் பிரிக்காது, உரசலாகத்தான் கேட்கும். வழி என்ன? அடிச்சுரத்தைக் கீழேயே விட்டுவிட்டு, 'ஈ'யை ஒரு ஸ்தாயி மேலே, 164.8-க்கு ஏற்றிவிட வேண்டும். இடம் விட்டு உட்கார்ந்தால் சண்டை வராது!

2. இன்வர்ஷன் என்பது என்ன?

நம் மலைக்கோட்டையில் அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர், உச்சியில் உச்சிப் பிள்ளையார். அங்கே வரிசை மாறாது. கார்டில் மாறலாம். சி, ஈ, ஜி மூன்றில் சி அடியில் இருந்தால் மூலநிலை, ஈ அடியில் வந்தால் முதல் இன்வர்ஷன், ஜி அடியில் வந்தால் இரண்டாம் இன்வர்ஷன். ஆட்கள் அதே மூவர்தான், ஆனால் குணம் மாறும். மூலநிலை ஊன்றி நிற்கும். மற்றவை 'அடுத்தது எங்கே?' என்று நம்மை நகர்த்தும்.

அடிச்சுரத்தைத் தீர்மானிப்பவன் பேஸ்காரன். 1976-இல் 'அன்னக்கிளி'யில் அறிமுகமான இளையராஜாவின் பாடல்களைக் கூர்ந்து கேளுங்கள். பேஸ் பல இடங்களில் தனி மெட்டாகவே நடக்கும். அவருக்குப் பல ஆண்டுகள் வாசித்தவர் சசிதரன். ரஹ்மானின் இசையில் கீத் பீட்டர்ஸ். எந்தச் சுரத்தை அடியில் வைத்தால் மேலே உள்ள மெட்டு ஒளிரும் என்பதை இவர்கள் வாசிப்பைக் கேட்டே படிக்கலாம்.

3. இரு கை டேப்பிங்

தந்தியை மீட்டாமல், ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் விரலால் தட்டி அமுக்கினாலே சுரம் பிறக்கும். சாதாரண மரக் கிட்டாரில் இது முனகலாக இருக்கும். மின்கிட்டாரில் அப்படியல்ல. இரும்புத் தந்தி அதிரும்போது பிக்கப்பின் காந்தப் பாயம் மாறுகிறது, சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. நாம் படித்த ஃபாரடே விதியேதான்! மிச்சத்தை ஆம்ப்ளிபையர் பார்த்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் எம்மெட் சாப்மன் 1969-இல் இரு கைகளையும் தந்திப் பலகைக்குக் குறுக்காக வைத்துத் தட்டும் முறையைக் கண்டார். அதற்கென்றே 'சாப்மன் ஸ்டிக்' என்ற கருவியையும் செய்தார். 1978-இல் எட்டி வான் ஹேலன் கிட்டாரில் டேப்பிங்கைப் புகழ்பெறச் செய்தார். ஸ்டூவர்ட் ஹாம் 1988-இல் பீத்தோவனின் 'மூன்லைட் சொனாட்டா'வைத் தனி பேஸிலேயே வாசித்துப் பதிவு செய்தார்.

வலக்கைக்கு ஏன் மேல் ஃப்ரெட்டுகள்? கணக்குப் போடுங்கள். தந்தி நீளம் 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் நீளம் 1.0595-ஆல் வகுபடும். 1-க்கும் 4-க்கும் இடையே சுமார் 130 மி.மீ., ஆனால் 9-க்கும் 12-க்கும் இடையே சுமார் 82 மி.மீ.தான். அங்கே இரண்டு சுரத்தை ஒரே கை எளிதாக எட்டும்.

4. பயிற்சி

மெட்ரோனோம் 60. ஒவ்வொரு படிக்கும் நான்கு தட்டு.

முதல் படி: இடக்கை ஏ தந்தி 3 (சி). வலக்கை டி தந்தி 14 (ஈ), ஜி தந்தி 12 (ஜி). இது சி மேஜர், மூலநிலை.

இரண்டாம் படி: இடக்கை ஏ தந்தி 2 (பி). வலக்கை டி தந்தி 12 (டி), ஜி தந்தி 12. இது ஜி மேஜர், முதல் இன்வர்ஷன்.

மூன்றாம் படி: இடக்கை ஈ தந்தி 5 (ஏ). வலக்கை டி தந்தி 10 (சி), ஜி தந்தி 12. இது ஏ மைனர் செவன்த். ஐந்தாம் சுரம் விட்டது.

நான்காம் படி: இடக்கை ஈ தந்தி 3 (ஜி). வலக்கை டி தந்தி 9 (பி), ஜி தந்தி 12. மீண்டும் ஜி மேஜர், மூலநிலையில்.

கவனித்தீர்களா? அடிச்சுரமும் நடுச்சுரமும் கைகோத்துப் படியிறங்குகின்றன. உச்சியில் ஜி மட்டும் அசைவதில்லை. சி-யை ஸட்ஜமமாக வைத்தால் ஜி பஞ்சமம்! தம்பூராவைப்போல அது பாடுபவன் காதில் நின்றுகொண்டே இருக்கும்.

5. நான் செய்த தப்புகள்

முதல் மாதம் சுரத்தைவிட இரைச்சலே அதிகம் வந்தது. தட்டிய விரலுக்குப் பின்னால், தலைப்பக்கம் மிஞ்சும் தந்தியும் அதிருமே! முதல் ஃப்ரெட் அருகே ஒரு பழைய துணியைச் சுற்றிக் கட்டினேன், அடங்கியது. பலமாகக் குத்தவும் வேண்டாம். ஃப்ரெட் கம்பிக்கு நெருக்கமாகத் தட்டினால் சிறு விசையே போதும்.

விடுமுறையில் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழகினேன். பக்கத்து வீட்டு வீணை மாமி எட்டிப் பார்த்து, "ஏண்டா, தட்டறது சரி, எடுக்கறப்போ ஏன் சுரம் செத்துப்போறது? விரலைச் சும்மா தூக்காதே, தந்தியைக் கொஞ்சம் சுண்டிண்டு எடு" என்றார். பேஸையே தொட்டுப் பார்த்திராத மாமி சொன்னதுதான் எனக்குக் கிடைத்த ஆகப்பெரிய பாடம். அப்படி எடுத்தால், கீழே இன்னொரு விரல் அமுக்கியிருக்கும் சுரம் தெளிவாகப் பேசுகிறது.

மூன்றாம் ஆண்டு ஹாஸ்டல் தினம். "இன்னொரு தடவை அசிங்கப்படணுமாடா?" என்று தோழன் மறுத்தான். "நாலு படி மட்டும் கேளு, அப்புறம் சொல்லு" என்று அறையில் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் படியிலேயே அவன் கண்ணை மூடி முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டான். அன்றிரவு மேடையில் அவன் குரலும் என் பேஸும் மட்டும்தான். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அவன் சுருதி ஓரிடத்திலும் நழுவவில்லை. இறங்கி வந்ததும், "அடுத்த பாட்டு என்னடா?" என்று கேட்டான். எனக்கு அது போதும்.

ஜூனியர் தம்பிகளே, தினம் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். சந்தேகம் இருந்தால் அறைக்கு வாருங்கள். கதவு திறந்தே இருக்கும், துணி கட்டிய பேஸும் அங்கேயே இருக்கும்.