தாழ்ந்த தளத்தைத் தூக்கி நிறுத்தலாம்

வீட்டு வாசல், கார் ஷெட், பள்ளிக்கூட வராந்தா என்று மண்ணின் மேல் போட்ட காங்கிரீட் தளம் ஒரு பக்கமாக இறங்கிக் கிடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உடனே கொத்தனாரைத் திட்டுவார்கள். ஆனால் பெரும்பாலும் குறை காங்கிரீட்டில் இல்லை, அதற்குக் கீழே இருக்கிறது.

காரணங்கள் முக்கியமாக மூன்று. ஒன்று, நிரப்பிய மண்ணைச் சரியாக இடிக்காதது. இரண்டு, குழாய்க் கசிவும் மழைத் தண்ணீரும் மண்ணை அரித்துக்கொண்டு போவது. மூன்று, கரிசல் மண். அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும்.

தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டொம் டொம்' என்று கேட்டால் கீழே வெற்றிடம் இருக்க வாய்ப்பு அதிகம். தளம் துண்டு துண்டாக நொறுங்காமல் இருந்தால் உடைக்க வேண்டியதில்லை. சுமார் 40 மி.மீ. துளைகளை ஒரு மீட்டருக்கு ஒன்றாகப் போட்டு, சிமெண்ட், நைஸ் மண், சாம்பல் கலந்த கூழை பம்பு மூலம் செலுத்தினால் தளம் மேலே வரும். இதற்கு மட்ஜாக்கிங் என்று பெயர்.

இவ்வளவு கனத்தைக் கூழ் எப்படித் தூக்கும்? கணக்குப் போடுவோம். 100 மி.மீ. தளம் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 240 கிலோ. ஒரு சதுர மீட்டர் என்பது 10,000 சதுர செ.மீ. அப்படியானால் சதுர செ.மீ.க்கு 0.024 கிலோ அழுத்தம் போதும். சைக்கிள் டியூபில் இருப்பது இதைவிட எத்தனையோ மடங்கு! ஆனால் ஆரம்பத்தில் கூழ் துளையைச் சுற்றி ஒரு தட்டு அளவுக்குத்தான் பரவியிருக்கும். அங்கே அழுத்தத்தைக் கூட்டினால் தளம் வெடித்துவிடும். ஆகவே ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றிச் செலுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டே தூக்க வேண்டும்.

இப்போது பாலியூரித்தேன் நுரையும் பயன்படுத்துகிறார்கள். துளை சிறியது, எடை குறைவு, சில நிமிடங்களில் இறுகிவிடும். ஆனால் செலவு அதிகம்.

மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. கசிவை நிறுத்தாமல் தூக்கினால் தளம் மறுபடி இறங்கும். கரிசல் மண்ணை மாற்றாவிட்டால் நிரந்தரப் பலன் கிடையாது. சுவர் அஸ்திவாரமே இறங்கியிருந்தால் இந்த முறை உதவாது, இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும்.

திமிசு போடும் வேலைக்குப் போகும் என் அப்பா சொல்வார்: "மேல பூசுறத எல்லாரும் பாப்பாங்க, கீழ இடிக்கிறத யாருப்பா பாக்குறா?" மண்ணை 15 செ.மீ. தட்டுகளாகப் போட்டு, தண்ணீர் காட்டி இடிக்க வேண்டும் என்று நாம் படிக்கிறோம். சைட்டில் மூன்று அடியையும் ஒரே தட்டாகக் கொட்டிவிடுகிறார்கள். கடன் வாங்கி வீடு கட்டியவருக்கு இரண்டு மழைக்காலம் கழித்துத்தான் அது தெரியும்.

நாளைக்கு சூப்பர்வைசராக சைட்டில் நிற்கப் போவது நாம்தான். தட்டுக்களை எண்ணுவோம். தூக்குவதைவிட இறங்காமல் கட்டுவது சுலபம், மலிவும்கூட!