கூரைத் தகரத்தைக் கவனிப்போம், சுவரைக் காப்போம்



ஐப்பசி அடைமழைக்கு முன்னால் நாம் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலையைப் பற்றி இந்த மாதம் பேசுவோம். சின்ன வேலைதான். ஆனால் அதைத் தள்ளிப்போட்டதால் எங்கள் குழுவில் ஒருவருக்கு ஏற்பட்ட நஷ்டம் சின்னது இல்லை.

அந்த அக்காவுக்கு மண் சுவர் வைத்த ஓட்டு வீடு. ஆடு வாங்கக் கடன் கேட்டிருந்தார். தீர்மானம் எழுதி, பணமும் கைக்கு வந்தது. அந்த வாரம் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் ராத்திரி வடக்குச் சுவர் சரிந்து விழுந்தது. ஒழுகுகிறது என்று பிள்ளைகளை அன்றுதான் இடம் மாற்றிப் படுக்க வைத்திருந்தார். அதனால் உயிர் தப்பியது. ஆட்டுக்கு வாங்கிய பணம் சுவருக்குப் போச்சு. ஆடும் இல்லை, வருமானமும் இல்லை. தவணை மட்டும் மாதாமாதம் கட்டினார்.

மறுநாள் போய்ப் பார்த்தோம். கூரை ஓரத்தில் மழைத்தண்ணியைப் பிடித்து ஒதுக்கக் கட்டியிருந்த தகரம், ஒரு முழ நீளத்துக்குத் துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடந்தது. மூன்று வருஷமாகத் தண்ணி அதே இடத்தில் கொட்டிச் சுவரின் அடியைக் கரைத்திருக்கிறது. "அடுத்த மழைக்குள்ள மாத்திடலாம்னு இருந்தேன்" என்று அழுதார். அந்த வீட்டுத் திண்ணையில்தான் எங்கள் குழுக் கூட்டம் நடக்கும். ஓட்டையை நாங்களும்தான் வாராவாரம் பார்த்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணி. 20 அடி நீளம், 15 அடி அகலம் உள்ள கூரை சுமார் 28 சதுர மீட்டர். ஒரு நாளில் 5 சென்டி மீட்டர் மழை பெய்தால் அந்தக் கூரையில் விழுவது 1,400 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 90 குடத்துக்கும் மேல்! தகரம் இல்லை என்றால் இத்தனையும் நம் சுவரடியில்தான் கொட்டும்.

கொட்டும் தண்ணி மண் சுவரைக் கரைக்கும். செங்கல் சுவரில் ஈரம் ஏறும், பூச்சு உதிரும், உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். அந்த ஈரத்தில் படுக்கும் குழந்தைக்குச் சளி, இழுப்பு அதிகமாகும். பக்கத்து வீட்டுச் சுவரில் விழுந்தாலோ வருஷா வருஷம் வாய்ச்சண்டை!

புரட்டாசிக்குள் செய்ய வேண்டியவை

1. தகரத்தில் கிடக்கும் இலை, குருவிக்கூடு, ஓட்டுச் சில்லு எல்லாவற்றையும் அள்ளுங்கள். முதலில் குச்சியால் தட்டிப் பாருங்கள். தேள், குளவி இருக்கலாம். முருங்கை, வேம்பு, புளி நிற்கும் வீடுகளில் மழைக்காலம் முழுவதும் இடையிடையே அள்ள வேண்டும்.

2. ஒரு முனையில் இரண்டு குடம் தண்ணி ஊற்றுங்கள். எங்கே ஒழுகுகிறது, எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும்.

3. சின்ன ஓட்டை என்றால் துருவைச் சுரண்டி, காயவிட்டு, தார் அல்லது கடையில் கிடைக்கும் ஒழுகல் பசை வைத்து அடைக்கலாம். துரு பரவியிருந்தால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. மாற்றிவிடுங்கள்.

4. தண்ணி இறங்கும் பக்கமாக 10 அடிக்கு 1 அங்குலம் சரிவு வேண்டும். தொய்ந்த இடத்தில் புதிதாகப் பட்டை அடித்துத் தூக்கிக் கட்டுங்கள்.

5. தண்ணி இறங்கும் குழாயின் வாய் சுவரடியில் நிற்கக் கூடாது. நாலைந்து அடி தள்ளி, வாழைக்கோ தென்னைக்கோ திருப்பிவிடுங்கள்.

புதிதாக மாற்றுகிறவர்கள் துருப்பிடிக்காத பி.வி.சி. குழாயை வாங்கி, நீளவாக்கில் பாதியாக அறுத்துக் கட்டலாம். ஒரு குழாய் இரண்டு பக்கத்துக்கு ஆகும். சின்னக் கூரைக்கு 4 அங்குலக் குழாய், பெரிய கூரைக்கு 6 அங்குலம். இரண்டு அடிக்கு ஒரு பட்டை அடித்தால் தொய்யாது.

தளம் போட்ட வீட்டுக்காரர்களும் சும்மா இருக்க வேண்டாம். மொட்டை மாடியில் தண்ணி வெளியேறும் ஓட்டையில் இலை அடைத்தால் தண்ணி தேங்கி, தளத்துக்குள் இறங்கி, கம்பி துருப்பிடிக்கும்.

ஏறும்போது கவனம்

ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் ஏறாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் கால் வைக்கவே கூடாது, உடைந்து உள்ளே விழுந்துவிடுவோம். கரண்டு கம்பி பக்கத்தில் ஓடினால் நாமே ஏறாமல் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். மழை பெய்யும்போது ஏற வேண்டாம்.

கொசுவும் குடிதண்ணியும்

டெங்கு பரப்பும் கொசு சாக்கடையைவிட நல்ல தண்ணியில்தான் அதிகம் முட்டை வைக்கும். தகரத்தில் தேங்கும் ஒரு கை தண்ணி போதும், பத்து நாளுக்குள் கொசு பறந்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை பாருங்கள்.

தமிழ்நாட்டில் 2003-இல் வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று மாட்டிய குழாய் இன்று நம் வீட்டில் எந்த நிலையில் இருக்கிறது? நம் மாநில மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. தகரம் சரியாக இருந்தால் அந்தத் தண்ணியைத் தொட்டியில் பிடிக்கலாம். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். பிறகு துணி கட்டிப் பிடித்து, மூடி வையுங்கள். குடிக்க என்றால் காய்ச்ச வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணியைக் குடிக்காமல், மாட்டுக்கொட்டகை கழுவவும் செடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

• நம் குழுவில் யார் யார் வீட்டுத் தகரம் பழுதாகி இருக்கிறது?
• தனியாக இருக்கும் அக்காமார், வயதானவர்கள் வீட்டில் யார் ஏறிச் சரிசெய்வது?
• பட்டை, குழாய் வாங்கப் பணம் இல்லாதவருக்கு உள்கடனாகச் சிறு தொகை கொடுக்கலாமா?

எங்கள் குழுவில் இப்போது புரட்டாசி முதல் வாரக் கூட்டம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஒவ்வொரு வீட்டையும் சுற்றிப் பார்க்கிறோம். ஓட்டையைக் கண்டவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் தீர்மானம். வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னார்கள் பெரியவர்கள். சுவர் எழுப்பக் கடன் வாங்குவதைவிட, தகரம் மாற்றக் கடன் வாங்குவது மேல். அந்த அக்காவும் தவணையைக் கட்டி முடித்துவிட்டார். இந்த முறை ஆட்டுக்கு மனு கொடுத்திருக்கிறார். முதலில் அவர் வீட்டுத் தகரத்தைத்தான் பார்த்தோம். நன்றாக இருக்கிறது.