குழந்தையை நோக்கி அறிதல்

நாம் பரீட்சைகளின் நடுவே வாழ்பவர்கள். கால் வருஷப் பரீட்சை, அரை வருஷப் பரீட்சை, சர்வகலாசாலைப் பரீட்சை என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுதி, அவற்றில் வந்த எண்ணைக் கொண்டே ஒருவருடைய அறிவை அளந்துவிடலாம் என்று நம்பிப் பழகிவிட்டோம். ஆயின், எழுத்தறியாததும், ஓரிடத்தில் ஐந்து நிமிஷம் அமர மாட்டாததுமாகிய மூன்று வயதுக் குழந்தை, உடலாலும் மொழியாலும் மனத்தாலும் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை எங்ஙனம் அறிவது? வினாத்தாள் அதற்குப் பயன்படாது. வாயாற் கேட்கலாம் எனின், அது விடை கூறாமைக்கு அறியாமை ஒன்றே காரணம் என்று கொள்ளுதற்கில்லை. அக்குழந்தை தன் போக்கில் விளையாடுகையில் உடனிருந்து பார்த்து, பார்த்ததைப் பார்த்தவாறே எழுதி வைத்து, அவ்வெழுத்திலிருந்து அறிவதே வழி. நம் கல்லூரியிற் பயின்று வெளிச்செல்வோரிற் பலர் உபாத்தியாயத் தொழிலை மேற்கொள்பவராதலின், இவ்வழியைப் பற்றியும், கல்வராயன் மலையில் யான் தவறு செய்து இதனைக் கற்ற விதத்தைப் பற்றியும் சில கூறத் துணிகின்றேன்.

குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாக நோக்குதல் தமிழருக்குப் புதியதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகையை நினைத்துப் பாருங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவங்களை வகுத்து, மூன்றாம் மாதந் தொடங்கி இரண்டு மாதத்துக்கு ஒரு பருவமாக எண்ணும் மரபு ஒன்று உண்டு. ஐந்தாம் மாதத்திற் கையை நிலத்திலூன்றித் தலை நிமிர்ந்து முகமசைத்து ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. பதின்மூன்றாம் மாதத்தில் தளர்நடையிட்டு வருவது வருகை. உலகச் சுகாதார ஸ்தாபனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து தேசத்துக் குழந்தைகளை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்ட அளவின்படி, பிடிப்பின்றித் தானே நடத்தல் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் எப்போது நிகழினும் இயல்பே. நம் புலவர் குறித்த பதின்மூன்றாம் மாதம் இவ்வெல்லையின் நடுவிலே நிற்கிறது. தொட்டிலருகில் இருந்து பார்த்தவர்களே இப்பருவங்களை வகுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் ஒரு வேற்றுமையை மறக்கலாகாது. புலவர் பாடியது எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான பருவத்தை. உபாத்தியாயர் காண வேண்டுவதோ தம் முன் நிற்கும் அந்த ஒரு குழந்தையை.

மேனாட்டில் டார்வின் என்னும் விஞ்ஞானி, 1839-ல் பிறந்த தம் மூத்த மைந்தனின் செயல்களை நாட்குறிப்பாக எழுதிவைத்து, அதனை 1877-ல் கட்டுரையாக வெளியிட்டார். ரோமாபுரியில் 1907-ல் ஏழைச் சிறுவருக்கெனக் குழந்தையர் இல்லம் கண்ட மரியா மாண்டிசோரி அம்மையார் வைத்தியப் பட்டம் பெற்றவர். வைத்தியர் நோயாளியை நோக்குவதுபோல உபாத்தியாயர் குழந்தையை நோக்கக் கற்க வேண்டும் என்பது அவர் போதனையின் அடிப்படை. அவ்வம்மையார் 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து, யுத்தத்தின் காரணமாக 1946 வரை இந்நாட்டிலே தங்கி, உபாத்தியாயர் பலருக்குப் பயிற்சியளித்தார்.

நம் அண்டை மாகாணத்தில் வகுக்கப்பெற்ற ஓர் எளிய கருவியும் உண்டு. திருவனந்தபுரத்தில் ஆக்கப்பெற்ற வளர்ச்சி அட்டவணையில், பிறப்பு முதல் இரண்டு வயது வரை நிகழும் 17 செயல்கள் மட்டுமே உள்ளன. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கிடைக்கோடு. நூற்றுக்கு மூன்று குழந்தைகள் அச்செயலைச் செய்யத் தொடங்கும் வயது கோட்டின் இடது முனை. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு குழந்தைகள் செய்துவிடும் வயது வலது முனை. குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்தால், பென்சிலுக்கு இடப்புறம் முடிந்துவிட்ட கோடுகளின் செயல்களையெல்லாம் அக்குழந்தை செய்ய வேண்டும். ஒன்றேனும் செய்யாதாயின் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இதில் யான் வியப்பது அக்கோடுகளின் நீளத்தையே. இயல்பு என்பது ஒரு புள்ளியன்று, ஒரு நீளம் என்பதை எழுத்தறியாத தாயும் கண்ணாற் கண்டுகொள்ளலாம்.

இனி அங்கன்வாடிக்கு வருவோம். ஊரார் இன்றும் பால்வாடி என்றே வழங்கும் இந்நிலையங்கள், 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டத்தாற் பரவியவை. நம் மாகாணத்தில் 1980-ல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய போஷாக்குத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் முப்பத்தாறு மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடையை அட்டையிற் புள்ளியிட்டுக் கோடாக இணைத்தனர். ஒரு மாதத்து எடை எவ்வளவு என்பதைவிடக் கோடு மேல்நோக்கிச் செல்கிறதா, கிடையாய் நிற்கிறதா என்பதையே அவர்கள் பெரிதாகக் கொண்டனர். கோடு நின்றுவிட்ட குழந்தைக்குத் தொண்ணூறு நாள் சத்துணவு கொடுத்து மீண்டும் நிறுத்தனர். குறித்ததும், குறித்ததனால் ஒரு செயல் பின்தொடர்ந்ததும் அத்திட்டத்தின் உயிர்நிலை. மனவளர்ச்சிக்கோ தராசு இல்லை. பார்ப்பவருடைய கண்ணே தராசு. தராசின் முள் கோணியிருந்தால் நிறை பொய்க்கும் அன்றோ? என் முள் கோணியிருந்த கதையைச் சொல்லுகின்றேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைக் கடந்து, வெள்ளிமலைக்கு ஏறிச் செல்லுகிறது மலைப்பாதை. 2019-ல் விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி ஜில்லாவாகிய கள்ளக்குறிச்சியின் மேற்குப் புறத்தில் உள்ளது இம்மலை. அடிவாரத்திற் கரும்பும் நெல்லும். மேலே சாமையும் மரவள்ளியும் கடுக்காய் மரங்களும். அங்கு வாழ்வோர் மலையாளிகள் எனப்படுவர். அப்பெயர் கேரள தேசத்தாரைக் குறிப்பதன்று. மலையை ஆள்வோர் என்னும் பொருளது. காஞ்சீபுரத்தினின்றும் தம் முன்னோர் வந்தனர் என்று அவர்கள் கூறுவர். அவர்கள் பேசுவது தமிழே. ஆயினும் அதன் ஓசையும் சில சொற்களும் சமவெளிக் காதுக்குப் புதியவை.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மலைச் சிற்றூர் ஒன்றின் அங்கன்வாடிக்குச் சென்றிருந்தேன். கையிற் படச்சீட்டுகளும் ஒரு பதிவு அட்டையும் இருந்தன. நாலு வயதுச் சிறுமி ஒருத்தியை அருகழைத்து, ரயில் வண்டி, கப்பல், ஆப்பிட்பழம் முதலிய படங்களைக் காட்டி, இது என்ன, இது என்ன என்று வினவினேன். அவள் தன் பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள், ஒன்றும் பேசவில்லை. ரயிலைக் காண வேண்டுமாயின் சின்னசேலத்துக்கு இறங்கி வரவேண்டும். கப்பலைக் காண எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. “பேச்சு வளர்ச்சி குறைவு, பொருள்களை இனமறியாள், எண்ணறிவு இல்லை” என்று மூன்று கட்டங்களிலும் குறியிட்டேன். பதினைந்து நிமிஷத்தில் ஒரு குழந்தையின் நாலு வருஷ வாழ்வை முடிவு கட்டியாயிற்று!

மழை வந்து பாதை தடைப்பட்டதால் அன்றிரவு அவ்வூரிலே தங்க நேர்ந்தது. மறுநாட் காலை அந்நிலையத்துத் திண்ணையில் வேறு வேலையின்றி அமர்ந்திருந்தேன். அப்போது கண்டதை அட்டையின் பின்புறத்தில் எழுதினேன். அவ்வெழுத்தை அப்படியே தருகின்றேன்.

“காலை 10 மணி. முற்றம். கடுக்காயும் புளியங்கொட்டையும் கலந்த குவியலை வேறு வேறாகப் பிரித்தாள். பின்பு கடுக்காயிற் பெரியவற்றைத் தனியே வைத்தாள். மூன்று குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்து ஒவ்வொருவர் முன்பும் ஒரு பெரிய கடுக்காய் வைத்தாள். ஒன்று குறைந்தது. எழுந்து சென்று ஒன்றே ஒன்று எடுத்து வந்தாள். தம்பி வாயில் வைக்கப் போனான். அவன் கையைப் பிடித்து, அது கசக்கும், சோறு இல்லை, விளையாட்டுச் சோறு என்று தன் வீட்டுச் சொல்லிற் கூறினாள். படியை ஒற்றைக் காலால் ஒருமுறை தாண்டினாள்.”

நேயர்களே, இந்தச் சில வரிகளில் எத்தனை அடங்கியிருக்கின்றன பாருங்கள். பொருள்களை இனம் பிரித்தாள். ஓரினத்துள்ளும் பருமனால் மீண்டும் பிரித்தாள். ஆளுக்கு ஒன்று என்று பொருத்தி, குறை எவ்வளவு என்று கண்டு, அவ்வளவே கொணர்ந்தாள். எண்ணின் பெயர் வாயில் வருமுன் எண்ணின் பொருள் கையில் வந்துவிட்டது. மெய்ச்சோறும் விளையாட்டுச் சோறும் வேறென்று உரைத்ததற்கு மேலான மொழித்திறம் நாலு வயதில் வேறு என்ன வேண்டும்? முன்னாள் அட்டையில் யான் இட்ட மூன்று குறிகளும் பொய்த்தன. அவள் அறியாதிருந்தது ரயில் வண்டியை. யான் அறியாதிருந்தது அவளை.

அன்று முதல் இரண்டு நியமங்களைக் கைக்கொண்டேன். ஒன்று, கண்ட செயலை எழுதுவதேயன்றி அபிப்பிராயத்தை எழுதாமை. “சுறுசுறுப்புள்ளவன்,” “மந்தன்,” “அடங்காதவன்” என்பன எழுதுபவரின் மனத்தைக் காட்டுவனவேயன்றிக் குழந்தையைக் காட்டா. மற்றொன்று, குழந்தையின் சொல்லை அது சொன்னபடியே எழுதுதல். நம் ஏட்டுத் தமிழாகத் திருத்தி எழுதினால் அதன் மொழிவளர்ச்சியை நாமே அழித்தவராவோம்.

இதனைக் கேட்டு, நோக்கியறிதல் என்பது எல்லாக் குழந்தைகளும் நன்றாகவே இருக்கின்றன என்று தேற்றிக்கொள்ளும் மென்மையான முறை என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். அதே ஊரில் நாலரை வயதுப் பையன் ஒருவன் இருந்தான். கூப்பிட்டால் வாரான்; கதை சொல்லும்போது எழுந்து போய்விடுவான். மலைப்பிள்ளை, கூச்சம், பிடிவாதம் என்று எல்லாரும் சொல்லி விட்டுவிட்டனர். அந்நிலையத்துப் பணியாளர் மட்டும், யான் கூறிய வண்ணம் சில நாட்கள் செயல்களை மாத்திரம் எழுதி வந்தார். எழுதியவற்றை அடுக்கிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. முன்னே நின்று கையசைத்தால் வந்தான். பின்னே நின்று அழைத்தால் ஒருமுறையும் திரும்பவில்லை. பாட்டில் மற்றவர் கைகளைப் பார்த்துப் பார்த்தே தானும் ஆடினான். வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது இரு செவிகளிலும் சீழ் இருந்தது. கூச்சம் என்னும் அன்பான சொல் அவன் காதுகளை எத்தனை மாதம் மூடியிருந்ததோ!

2013-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய சிறார் சுகாதாரத் திட்டத்தின்படி, வைத்தியக் குழு ஒன்று வருஷத்துக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்குச் சென்று, பிறவிக் குறை, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் என்னும் நான்கையும் சோதிக்க வேண்டும். நல்ல ஏற்பாடே. எனினும் அக்குழுவினர் ஒரு குழந்தையைப் பார்ப்பது சில நிமிஷம்; பணியாளர் பார்ப்பதோ நாள்தோறும். அவர் கையில் நாலு வரிக் குறிப்பு இருப்பின், வைத்தியர் எதைத் தேடவேண்டும் என்பது உடனே புலப்படும்.

அடிப்படைக் கல்விக்கென 2022-ல் வெளிவந்த தேசியப் பாடத்திட்ட வடிவமைப்பும், இளங்குழந்தைகளுக்குப் பரீட்சை கூடாதென விலக்கி, நோக்குதலையும், குழந்தை செய்த சித்திரம் முதலியவற்றை ஆராய்தலையுமே மதிப்பிடும் வழிகளாகக் கூறுகிறது. நம் மாகாணத்து அங்கன்வாடிகளுக்கென வகுத்த ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்னும் பாடத்திட்டத்துக்கும் மதிப்பீட்டு அட்டைகள் உண்டு. அட்டைக்குக் குறைவில்லை, நேரத்துக்கே குறைவு. சமையலைக் கவனித்து, எடை நிறுத்து, பதிவேடுகளை நிரப்பி, கைபேசியிலும் அவற்றைப் பதியும் ஒருவரிடம் இருபது குழந்தைகளையும் தினந்தோறும் நோக்குக என்பது நியாயமன்று. ஆண்டு முடிவில் எல்லாக் கட்டங்களிலும் ஒரே மூச்சாகக் குறியிடும் வழக்கம் இதனாலேயே உண்டாகிறது. யான் கண்ட சுலபமான ஏற்பாடு இது: ஒரு நாளைக்கு இரண்டு குழந்தைகள், குழந்தைக்கு மூன்று வரி, தேதி, இடம், செயல். இருபது குழந்தைகளானால் பத்து வேலை நாட்களில் ஒரு சுற்று முடியும். நாலைந்து சுற்றுக்குப் பின்பு அட்டையை எடுத்தால், கட்டங்கள் தாமே நிரம்பும்.

அக்குறிப்பைத் தாய்க்குப் படித்துக் காட்டுவதும் இன்றியமையாதது. அச்சிறுமியின் கடுக்காய் விளையாட்டைப் பணியாளர் படித்தபோது, விறகுக் கட்டை இறக்கிவைத்து நின்றுகொண்டே கேட்ட அவள் தாய் சிறிது சிரித்தாள். “இது என்ன டீச்சரம்மா, சாயங்காலம் ஆட்டைப் பட்டியில் அடைக்கும்போது எது வரவில்லை என்று முதலிற் சொல்லுவது இவள்தானே” என்றாள். பணியாளர் அதனையும் தேதியிட்டு, தாய் சொன்னது என்று குறித்து, கீழே எழுதிக்கொண்டார்.