முள் தைத்த இடத்தில் நடப்பது யாது?

வயலில் வேலை செய்யும் குடியானவரின் காலில் கருவேல முள் தைத்தால், சில மணி நேரத்துக்குள் அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்கி வலிக்கிறது. இவ்வீக்கத்தையே நோயென்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இது தேகம் தன்னைக் காத்துக்கொள்ளும் வேலையாகும்.

தேகத்தின் முதல் அரண் தோல். முள் அதைத் துளைத்தவுடன் கிருமிகள் உட்புகுகின்றன. உடனே அவ்விடத்து இரத்தக் குழாய்கள் விரிய, வெள்ளை அணுக்கள் வெளிவந்து கிருமிகளை விழுங்குகின்றன. இவ்வுண்மையை நிலைநாட்டியவர் மெச்னிகாப் என்னும் பிராணி சாஸ்திரி. அவர் 1882-ஆம் வருஷத்தில், இத்தாலி தேசத்து மெஸ்ஸினா நகரில், கண்ணாடிபோல் தெளிந்த நக்ஷத்திர மீன் குஞ்சுகளின் உடலில் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாட் காலையில் முள்ளைச் சுற்றிலும் அணுக்கள் திரண்டு நிற்கக் கண்டார். 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் அருவருக்கும் சீழும் பெரும்பாலும் இவ்வாறு போரிட்டு மடிந்த வெள்ளை அணுக்களேயாம்.

ஆயினும் இப்படைக்கு அடங்காத பகையும் உண்டு. சாணத்திலும் மண்ணிலும் உள்ள ரண ஜன்னிக் கிருமி, ஆழ்ந்த காயத்தில் தங்கிக் கொடிய விஷத்தை உண்டாக்குகிறது. அவ்விஷத்தை வெள்ளை அணுக்கள் தடுக்கமாட்டா. ஒரு முறை அந்நோய் கண்டு பிழைத்தவருக்கும் அது மறுபடி வரக்கூடும். தடுப்பூசியே தக்க காப்பு. ஆகையால் காயத்தில் சாணம் அப்புவதும் மண் தூவுவதும் கூடவே கூடாது. முள்ளை எடுத்து, சோப்பிட்டுச் சுத்த நீரால் கழுவி, ஊசி போட்டுக்கொள்ள வைத்தியசாலைக்குச் செல்க. சிவப்பு கோடாக மேல்நோக்கி ஓடினாலும், காய்ச்சல் கண்டாலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.