மண்ணைப் படிக்கும் கலை

"பணக்காரர்கள் விளையாடப் புல் வளர்ப்பதும் ஒரு கலையா?" கோல்ப் திடல் வடிவமைப்பைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வகுப்புத் தோழர்கள் கேட்ட கேள்வி இது. சென்னையில் ஒரு கோல்ப் திடலில் புல் பராமரிக்கும் என் சித்தப்பாவிடம் நானும் முன்பு இதையே கேட்டேன். அவர் பதில் கூறாமல் குழியருகே ஒரு பந்தை மெல்ல உருட்டினார். சமதரை என்று நான் எண்ணிய இடத்தில் பந்து வளைந்து சென்றது. "மழைத் தண்ணியும் இந்த வாட்டத்துலதான்டா வடியும்" என்றார்.

ஆட்டத்துக்குச் சவாலாகவும் மழைநீருக்கு வடிகாலாகவும் ஒரே சரிவை அமைப்பதே இக்கலையின் நுட்பம். குழியைச் சுற்றியுள்ள புல்தரைக்கு அடியில் ஏறத்தாழ ஓரடி மணல், அதன்கீழ் சரளைக்கல், அதற்கும் கீழே வடிகுழாய் எனப் பல அடுக்குகள் உண்டு.

இவ்வாட்டம் வளர்ந்தது ஸ்காட்லாந்தின் கடற்கரை மணல்மேடுகளில். அங்குள்ள பழைய திடல்களின் மேடுபள்ளங்களைப் பெரும்பாலும் காற்றே வகுத்தது. அத்தகைய திடல்களில் ஆடி, 1954 முதல் 1965 வரை ஐந்து முறை பிரிட்டிஷ் ஓபன் பட்டம் வென்றவர் ஆஸ்திரேலியரான பீட்டர் தாம்சன். பின்னர் அவர் வுல்வரிட்ஜ் முதலியோருடன் இணைந்து திடல் வடிவமைப்பில் ஈடுபட்டார். முகலாயர் காலக் கல்லறைகள் இடையிடையே நிற்கும் டெல்லி கோல்ப் கிளப் திடலை 1976-77இல் திருத்தியமைத்தவர் அவரே. 2019இல் கேரி பிளேயர் நிறுவனம் அதனை மீண்டும் மாற்றியமைத்தது.

இருப்பதைக் கொண்டே படைக்கும் இப்பண்பு நமக்குப் புதிதன்று. மாமல்லபுரத்துப் பெரும்பாறையின் இயற்கைப் பிளவைப் பல்லவச் சிற்பி மறைக்கவில்லை. நாகர்கள் நீந்தும் ஆறாக்கினான். பாறை தாழும் போக்கிலேயே இரதங்களின் உயரத்தையும் குறைத்துக்கொண்டே வந்தான்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கற்சிற்பம் தண்ணீர் கேட்பதில்லை, புல்வெளி கேட்கிறது. பதினெட்டுக் குழித் திடல் ஒன்றுக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும்; கோடையிலும் அது பசுமையாக இருக்க வேண்டும். கொளவாய் ஏரியையும் மதுராந்தகம் ஏரியையும் பார்த்து வளர்ந்த நாம், எந்தத் திடலைப் பாராட்டுமுன்னும் "இதற்கு யாருடைய நீர்?" என்று கேட்பதே முறை. கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சும் திடல்கள் பல நாடுகளில் உள்ளன. அவ்வாறு திட்டமிடுபவரையே நான் முழுமையான வடிவமைப்பாளர் என்பேன்.

சித்தப்பா அத்திடலில் முப்பது ஆண்டுகள் உழைத்திருக்கிறார். ஒருநாளும் மட்டையெடுத்து ஆடியதில்லை. ஆயினும் அதன் ஒவ்வொரு வாட்டமும் அவருக்கு மனப்பாடம். எனக்கு அக்கலையின் முதல் ஆசிரியர் அவரே.